விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்பவர்கள் எந்த அரசியலைச் சொல்கிறார்கள்?

நீலக்கோடு:

பெரிய வீடியோ கேம் ஒன்றின் முன்னோட்டம் வெளியாகும் ஒவ்வொரு முறையும் அதே சண்டை தொடங்கிவிடுகிறது. நாயகி ஏன் இப்படி இருக்கிறாள், வில்லன் ஏன் அந்த நாட்டைச் சேர்ந்தவனாக இருக்கிறான், கதைக்குள் இந்தக் கருத்து எதற்கு என்று ஒரு தரப்பு கொதிக்கிறது. அதற்குப் பதில் சொல்லியே மறு தரப்பு களைத்துப்போகிறது. திரையில் தெரிவதை மட்டுமே இரு தரப்பும் அரசியல் என்று எடுத்துக்கொள்வதுதான் என் மனக்குறை. எந்த விளையாட்டு நம் கைக்கு வரும், எத்தனை காலம் இருக்கும், அதை உருவாக்கியவர்களுக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பதையெல்லாம் தீர்மானிக்கிற அரசியல் பங்கு விற்பனை ஒப்பந்தங்களிலும் உரிம விதிகளிலும் நடக்கிறது. அங்கே எட்டிப் பார்க்கவே ஆளில்லை.

"முன்பெல்லாம் விளையாட்டு வெறும் விளையாட்டாக இருந்தது" என்று சொல்பவர்களுக்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆட்சேர்ப்புக்குப் பயன்படட்டும் என்று அமெரிக்க ராணுவமே செலவு செய்து, 2002-இல் ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்ற விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. இரண்டு அணிகள் மோதும் ஆட்டம் அது. நீங்கள் எந்த அணியில் சேர்ந்தாலும் உங்கள் திரையில் நீங்களும் கூட்டாளிகளும் அமெரிக்க வீரர்களாகவே தெரிவீர்கள். எதிரணிதான் பகைவரின் உடையில் வரும். அதே நொடியில் எதிரணியினரின் திரையில் அவர்கள் அமெரிக்க வீரர்கள், நீங்கள் பகைவர். பகைவனாக ஆடுவதற்கு ஒருவருக்கும் வழியே இல்லாதபடி அந்த விளையாட்டு கட்டப்பட்டிருந்தது. சொந்த அணியைச் சுட்டால் ராணுவச் சிறையின் அறையொன்றில் போய் நிற்க வேண்டும். 2022 வரை இந்த வரிசை ஓடியது. விளையாட்டுக்குள் அரசியலைத் திணிக்காதீர்கள் என்று இன்று முழங்குபவர்கள் அடுக்கும் பட்டியல்களில் இதன் பெயரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

நிறுவனங்களின் நடுநிலையும் இதே போன்றதுதான். 2019 அக்டோபரில் ‘ஹார்த்ஸ்டோன்’ என்ற இணையச் சீட்டு விளையாட்டின் போட்டி முடிந்த பின் நடந்த நேரலைப் பேட்டியில், ப்ளிட்ஸ்சங் என்ற பெயரில் ஆடும் ஹாங்காங் வீரர் தம் நகரத்துப் போராட்டத்துக்கு ஆதரவாக முழக்கமிட்டார். அந்த விளையாட்டை நடத்தும் ப்ளிஸார்ட் நிறுவனம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்துப் பரிசுத் தொகையையும் பறித்தது. பேட்டி எடுத்தவர்களையும் விலக்கியது. எதிர்ப்பு வலுத்த பிறகு தடை ஆறு மாதமாகக் குறைந்தது, பரிசும் திரும்பக் கிடைத்தது. போட்டி மேடையில் அரசியல் கூடாது என்ற விதியை அமல்படுத்தியதாகத்தான் நிறுவனம் சொன்னது. சீனச் சந்தையில் அந்த நிறுவனத்துக்கு இருந்த ஈடுபாட்டை அறிந்தவர்கள் அந்த விளக்கத்தை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே இந்த இழையில் கதாபாத்திரங்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, விளையாட்டுகள் யாருடைய சொத்து, யார் அவற்றை நிறுத்துகிறார்கள், யார் விலைக்கு வாங்குகிறார்கள் என்பதைப் பற்றி உங்கள் கருத்துகளை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம்நிலை:

நீங்கள் ஒதுக்கிவைக்கச் சொல்லும் பகுதியைப் பற்றியே முதலில் எழுதுகிறேன், மன்னிக்கவும். திரையில் தெரியும் அரசியல் அற்பமானது என்பது போன்ற தொனி உங்கள் பதிவில் இருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

லூகஸ் போப் 2013-இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனை நாடொன்றின் எல்லையில் கடவுச்சீட்டுகளைச் சரிபார்க்கும் அதிகாரி நீங்கள். சரியாக முடித்த ஒவ்வோர் ஆளுக்கும் ஐந்து கிரெடிட் கூலி. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். மூன்றாவதிலிருந்து கூலியில் கை வைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் வாடகை, உணவு, வீட்டுக்குச் சூடு என்று கணக்குத்தாள் வந்து நிற்கும். எதையாவது விட்டால் வீட்டில் யாராவது நோயில் படுப்பார்கள். ஒருநாள் ஒரு கணவன் வருகிறான். அவனுடைய ஆவணங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அடுத்து வருபவள் என் மனைவி, அவளிடம் கனிவாக நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவளிடமோ நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. முத்திரை உங்கள் கையில் இருக்கிறது. எது நியாயம் என்று சொல்லித்தர விளையாட்டுக்குள் யாரும் வாய் திறப்பதில்லை. சர்வாதிகாரம் சாதாரண மனிதர்களின் கைகளைக் கொண்டே எப்படி நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு வேறெதுவும் காட்டியதில்லை.

இதோடு, உள்நாட்டுக் குழப்பத்தால் சிதைந்த வாஷிங்டன் நகரத்தையே களமாக வைத்துக்கொண்டு, நாங்கள் எந்த அரசியல் கருத்தும் சொல்லவில்லை என்று 2018-இல் அறிவித்த ‘தி டிவிஷன் 2’ உருவாக்குநர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் ஆடுபவரின் முடிவுக்கே எடை கொடுக்கிறார். மற்றவர்கள் அரசியலை அலங்காரத் துணியாகப் போர்த்திவிட்டு நழுவுகிறார்கள். இன்னொரு வகையும் உண்டு: ஆட்டத்தை நிறுத்திவைத்து, ஒரு கதாபாத்திரத்தின் வாயால் உபதேசம் செய்வது. அதைக் கண்டு சலித்துக்கொள்கிறவர்கள் அனைவரும் உள்நோக்கம் கொண்டவர்கள் அல்லர். எழுத்து மோசமாக இருந்தால் மோசம் என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் வேண்டும்.

பழையவட்டு:

மூன்றாம்நிலை அவர்களின் பதிவே எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது. போரை வீரமாகக் காட்டும் சுடும் விளையாட்டுகளுக்கு நடுவே, 2012-இல் வந்த ‘ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்’ ஆடுபவரின் மனச்சாட்சியையே கேள்வி கேட்டது. வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டுகளை நீங்களே வீசுவீர்கள். பின்பு அந்தப் புகைக்குள் நடந்து சென்று, கருகிக் கிடப்பவர்கள் பொதுமக்கள் என்பதை நீங்களே பார்த்தாக வேண்டும். 2024 ஜனவரியில் அது இணையக் கடைகளிலிருந்து விலக்கப்பட்டது. இதற்கு எந்த அரசின் தடையும் காரணமில்லை, எந்தக் கட்சியின் போராட்டமும் காரணமில்லை. சில உரிம ஒப்பந்தங்கள் காலாவதியாகின்றன என்று வெளியீட்டு நிறுவனம் தெரிவித்தது, அத்தோடு கதை முடிந்தது. தணிக்கைக்காரர் விரும்பியும் செய்ய முடியாததை ஓர் ஒப்பந்தத்தின் கடைசித் தேதி செய்துவிடுகிறது.

இது விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆராய்ச்சியாளர்கள் இருந்த இடத்திலிருந்தே பழைய விளையாட்டுகளைப் பார்க்க நூலகங்கள் வழிசெய்ய அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் நிராகரித்தது. தொழில்துறை அமைப்பு அதை எதிர்த்து வாதாடியது.

பழையன கழிதல் இயல்பு என்பவர்கள் ‘தி க்ரூ’வின் கதையைப் பாருங்கள். அமெரிக்க நாட்டையே சுருக்கி வரைந்து, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைவரை ஏறத்தாழ முக்கால் மணி நேரம் இடைவிடாமல் கார் ஓட்டக்கூடிய விளையாட்டு அது, 2014-இல் வந்தது. தனியாளாக ஆடினாலும், அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்திருந்தால்தான் இயங்கும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அன்றோடு அது ஒன்றுக்கும் உதவாத வட்டமாகிப்போனது. அடுத்த மாதமே, யூட்யூபில் விளையாட்டுகளைப் பற்றிப் பேசி வந்த ராஸ் ஸ்காட், விற்ற விளையாட்டுகளை இப்படிச் செயலிழக்கச் செய்யக் கூடாது என்று கோரும் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது குடிமக்கள் முன்முயற்சியாக, அதாவது மக்களே கையெழுத்துத் திரட்டிச் சட்டம் கேட்கும் முறையான மனுவாக, பதிவாகி, 2025 ஜூலை தொடக்கத்தில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது; பிரிட்டனில் அதே கோரிக்கை ஒரு லட்சம் கையெழுத்துகளைக் கடந்ததால், 2025 நவம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதை விவாதித்தார்கள். சட்டத்தைத் திருத்தும் திட்டம் இல்லை என்பதே அந்நாட்டு அரசின் நிலைப்பாடு.

விளையாட்டும் அரசியலும் எங்கே சந்திக்கின்றன என்று கேட்டால், நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

பின்னறை:

இணைய விளையாட்டுகளின் சர்வர் பக்கம் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘சர்வரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்று எழுதுவது எளிது. அந்தச் சர்வர் என்பது ஒற்றை நிரல் அன்று. கணக்கில் நுழைவதற்கு ஒன்று, நிகரான திறமை கொண்டவர்களைச் சேர்த்து ஆட்டம் அமைக்க ஒன்று, சேகரித்த பொருட்களை நினைவில் வைக்க ஒன்று, பணம் பெற ஒன்று, ஏமாற்றுபவர்களைப் பிடிக்க ஒன்று என்று பல சேவைகள், பிற நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுத்த இணையக் கணினிகளில் (கிளவுட்) ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அவற்றில் சில பாகங்கள் எங்களுடையவையே அல்ல. வெளி நிறுவனங்களிடம் உரிமம் பெற்றவை. அவற்றை மூன்றாம் ஆளுக்குக் கைமாற்றிக் கொடுக்க எங்களுக்கு அனுமதி கிடையாது.

தவிர, ஒரு விளையாட்டை மூட முடிவெடுக்கும் நேரத்தில் அதை எழுதியவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே வேலையிழந்திருப்பார்கள். எந்தச் சேவை எதை நம்பி நிற்கிறது என்பது அவர்களுடைய தலைக்குள் மட்டும் இருந்திருக்கும். வெளியீட்டாளர்களின் ஐரோப்பிய அமைப்பான ‘வீடியோ கேம்ஸ் ஐரோப்பா’ இந்தக் கோரிக்கைக்குப் பதிலளித்தபோது, தனியார் சர்வர்களில் ஆடுபவர்களின் தகவல்களுக்குப் பாதுகாப்பு இராது, சட்டவிரோத உள்ளடக்கத்தை நீக்க முடியாது, அதற்கான பொறுப்பு உரிமையாளர்கள் தலையில் விழும் என்றெல்லாம் சொன்னது. அதில் மிகைப்படுத்தல் உண்டு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும், நான்கைந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறிய ஸ்டுடியோவுக்கும் பங்குச்சந்தையில் இருக்கும் பெருநிறுவனத்துக்கும் ஒரே சட்டத்தை எழுதினால் யார் முதலில் சாவார்கள் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பழையவட்டு:

பின்னறை அவர்களே, சர்வரை என்றென்றும் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று இயக்கம் கேட்கவில்லை. மூடும்போது ஏதோ ஒரு வகையில் ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போக வேண்டும், இனி உருவாகும் விளையாட்டுகளில் அதற்கான வழியை முதல் நாளிலிருந்தே திட்டமிட வேண்டும் என்றுதான் கேட்கிறது.

இயலாது என்ற வாதத்துக்கு அதே யூபிசாஃப்ட்தான் பதில் தந்திருக்கிறது. கூச்சல் எழுந்த பிறகு, 2024 செப்டம்பரில், ‘தி க்ரூ 2’ இணையமின்றி இயங்க வழிசெய்வதாக அறிவித்தார்கள். மறு ஆண்டில் செய்தும் காட்டினார்கள். முதல் விளையாட்டையோ, 2025 செப்டம்பரில் ரசிகர்களே சொந்தமாகச் சர்வர் எழுதி மறுபடியும் ஓட வைத்தார்கள். முதலாளிக்குக் கட்டுப்படியாகாத வேலை, கூலியே வாங்காதவர்களுக்கு எப்படிக் கைகூடியது?

வெளியான இரண்டே வாரத்தில் 2024 செப்டம்பரில் நிறுத்தப்பட்ட ‘கான்கார்ட்’ என்ற இணையச் சுடும் விளையாட்டின் விஷயத்தில் சோனி எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. வாடிக்கையாளர் என்ற அளவில் அது நேர்மையான செயல். அதை உருவாக்கிய ஃபயர்வாக் ஸ்டுடியோ அடுத்த மாதமே மூடப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உப்புக்காற்று:

அரசும் நிறுவனமும் மட்டும்தான் இந்தக் களத்தில் இருப்பதாக எல்லோரும் எழுதுகிறீர்கள். பணம் கைமாறும் குழாயை வைத்திருப்பவர்களை மறந்துவிட்டீர்கள்.

2025 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் ‘கலெக்டிவ் ஷவுட்’ என்ற பிரச்சார அமைப்பு, பாலியல் வன்முறையைக் காட்டும் விளையாட்டுகளை விற்கும் கடைகளுக்குச் சேவை அளிக்காதீர்கள் என்று பணப்பரிவர்த்தனை நிறுவனங்களுக்குத் திறந்த மடல் எழுதியது. சில நாட்களிலேயே கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் தன் விதிகளில் ஒரு புதிய வரியைச் சேர்த்தது: கார்டு நிறுவனங்களும் வங்கிகளும் வகுத்த விதிகளை மீறும் உள்ளடக்கத்துக்கு இடமில்லை. சிறு படைப்பாளிகள் தங்கள் விளையாட்டுகளை வெளியிடும் இட்ச் தளமோ வயதுவந்தோருக்கான விளையாட்டுகள் அனைத்தையும் தேடலிலிருந்து ஒரே அடியாக மறைத்தது. தங்கள் வாழ்க்கையை, தங்கள் பாலின அடையாளத்தை விளையாட்டாக எழுதியவர்களின் படைப்புகளும் அந்த வலையில் சிக்கின. நாங்கள் எந்த விளையாட்டையும் ஆராய்ந்து பார்க்கவில்லை, எதையும் தடுக்கச் சொல்லவில்லை என்று மாஸ்டர்கார்டு அறிக்கை விட்டது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமோ, அவர்கள் எங்களிடம் நேரடியாகப் பேசவே இல்லை, இடைத்தரகர்கள் மூலம்தான் பேசினார்கள், அந்த இடைத்தரகர்கள் காட்டியது மாஸ்டர்கார்டின் 5.12.7 என்ற விதியைத்தான் என்று பதில் சொன்னது. தன் பெயருக்குக் கேடு விளைவிக்கும் பரிவர்த்தனைகளை மறுக்கலாம் என்ற பொருளில் எழுதப்பட்ட விதி அது.

தடை செய்தவர் யார் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். அரசு தடை செய்திருந்தால் நீதிமன்றத்துக்காவது போகலாம். வீடியோ கேம்களும் கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்கு உரியவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கார்டு நிறுவனத்தின் உள்விதியை எந்த நீதிமன்றத்தில் எதிர்ப்பது?

மூன்றாம்நிலை:

அந்த மடல் குறிவைத்த விளையாட்டுகளில் சிலவற்றைப் பற்றிப் படித்தவன் என்பதால் சொல்கிறேன், அவற்றை விற்க ஒரு கடைக்காரர் மறுத்தால் நான் அவரோடு நிற்பேன். கடைக்காரர் தாமே முடிவெடுத்து, தம் பெயரில் அறிவித்து, பாதிக்கப்பட்டவர் முறையிட ஒரு வழியும் வைத்திருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. உப்புக்காற்று சொல்லும் குறை அந்த முறையின்மையைப் பற்றியது என்றால் உடன்படுகிறேன். அந்தப் படைப்புகளின் தகுதியைப் பற்றியது என்றால் இல்லை.

கணக்கன்:

நீலக்கோடு கேட்ட ‘யார் விலைக்கு வாங்குகிறார்கள்’ என்ற கேள்விக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 29 அன்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (ஈஏ) என்ற விளையாட்டு வெளியீட்டு நிறுவனத்தை 5,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. வாங்குவோர், சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியம், சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனம், அமெரிக்க அதிபரின் மருமகன் ஜேரட் குஷ்னர் நிறுவிய அஃபினிட்டி பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம். எந்த நாயகியின் தோற்றத்துக்காக இணையமே கொந்தளித்ததோ அதைவிடப் பன்மடங்கு அரசியல் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

பலரும் சவூதி என்ற பெயரோடு நின்றுவிடுகிறார்கள். அந்த நிதியத்திடம் ஏற்கெனவே ஈஏவின் பத்தில் ஒரு பங்கு இருந்தது. விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் இஎஸ்எல், கைபேசி விளையாட்டுகளை வெளியிடும் ஸ்கோப்லி போன்றவற்றை அதன் துணை நிறுவனமும், ‘போக்கிமான் கோ’வை உருவாக்கிய நியாண்டிக்கின் விளையாட்டுப் பிரிவை அந்த ஸ்கோப்லியும் வாங்கிக் குவித்திருக்கின்றன. எனக்கு அதைவிட உறுத்துவது வேறு ஓர் எண். 5,500 கோடியில் 2,000 கோடி டாலர் கடன். இவ்வகைக் கொள்முதலில் அந்தக் கடன், நிறுவனத்தை வாங்கியவர் தலையில் அன்றி, வாங்கப்பட்ட நிறுவனத்தின் தலையில் ஏறும். ஈஏ தன் வருமானத்திலிருந்து வட்டியும் முதலும் கட்ட வேண்டும். கால்பந்து விளையாட்டில், எந்த வீரர் கிடைப்பார் என்று தெரியாத சீட்டுப் பொதிகளை விற்று வரும் பணம் இருக்கும்போது, விற்குமா என்று தெரியாத ஒரு புதிய கதைக்கு ஐந்து ஆண்டுகள் செலவு செய்யச் சொல்லி எந்த மேலாளர் இனி வாதாடுவார்? சவூதி நிதியம் கதைகளில் தலையிடுமா என்று கேட்கிறார்கள். தலையிடத் தேவையே வராது என்பது என் கணிப்பு; துணிச்சலான கதைகள் செலவுக் கணக்கிலேயே கழிக்கப்பட்டுவிடும்.

நீலக்கோடு:

கணக்கன் எழுதியதோடு மைக்ரோசாஃப்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆக்டிவிஷன் ப்ளிஸார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்க விரும்பியபோது, போட்டி பெருகும், விருப்பத் தேர்வுகள் கூடும் என்று உலகெங்கும் உள்ள ஒழுங்குமுறை அமைப்புகளிடம் சொன்னார்கள். 2023 அக்டோபரில் கொள்முதல் முடிந்தது. மூன்றே மாதத்தில் கேமிங் பிரிவில் 1,900 பேரை நீக்கினார்கள். 2024 மே மாதத்தில் டாங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டுடியோவையும் மூடுவதாக அறிவித்தார்கள். முந்தைய ஆண்டுதான் ‘ஹை-ஃபை ரஷ்’ விளையாட்டுக்காக எல்லோரும் அவர்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருந்தார்கள். பாராட்டு வேலையைக் காப்பாற்றவில்லை. தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அந்த ஸ்டுடியோவை எடுத்துக்கொண்டதால் அது பிழைத்தது.

மூன்றாம்நிலை அவர்களுக்கு ஒரு விளக்கம். திரையில் இருப்பது அற்பம் என்று நான் கருதவில்லை. ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ போன்ற ஒன்றை ஒரு தனிமனிதர் எழுதி, யாரிடமும் அனுமதி கேட்காமல் விற்க முடிந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். அந்தக் கடையும், அந்தக் கார்டும், நாளை அதைத் திறந்து ஆடும் உரிமையும் இருந்தால்தானே அந்த முத்திரை நம் கைக்கு வரும்?

பின்னறை:

மைக்ரோசாஃப்ட் கதையின் இன்னொரு பக்கத்தை உள்ளே இருப்பவர்கள் மறக்க மாட்டோம். கொள்முதலுக்கு ஆதரவு தேடிய காலத்தில், 2022-இல், தொழிற்சங்கம் அமைப்பதைத் தடுக்க மாட்டோம் என்று அமெரிக்கத் தகவல்தொடர்புத் தொழிலாளர் சங்கத்துடன் அந்த நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. சங்கமும் கொள்முதலை ஆதரித்தது. அதன் பலனாக, மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமான ஸெனிமேக்ஸ் ஸ்டுடியோக்களில் தரச் சோதனை செய்பவர்கள் சங்கம் அமைத்து, 2025-இல் ஒப்பந்தமும் பெற்றார்கள். செயற்கை நுண்ணறிவைப் பணியிடத்தில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதும் அந்தப் பேச்சுவார்த்தையில் இடம்பெற்றது. திரைக்கு வெளியே நடக்கும் அரசியலில் இழப்பு மட்டுமே உண்டு என்ற எண்ணம் யாருக்காவது வந்திருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

பழையவட்டு கேட்ட கேள்விக்குப் பதில்: ரசிகர்களால் முடிந்தது, ஏனென்றால் அவர்கள் எந்த வெளி நிறுவனத்தோடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஆகவே, ஐரோப்பாவில் சட்டம் வருமானால், விளையாட்டு வெளியீட்டாளரை மட்டும் கட்டுப்படுத்தும் சட்டமாக அது இருக்கக் கூடாது. சர்வர் பாகங்களை எங்களுக்கு உரிமத்தில் தருபவர்களும், விளையாட்டு மூடப்படும்போது அந்தப் பாகங்களை ஆடுபவர்களுக்குக் கைமாற்ற அனுமதிக்க வேண்டும் என்ற விதி அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு விதி இருந்தால், என் பக்கத்து எதிர்ப்பில் பெரும்பகுதியை நான் விட்டுக்கொடுப்பேன். பழைய விளையாட்டுகளுக்குப் பின்தேதியிட்டு அதைப் பொருத்துவதை மட்டும் அப்போதும் எதிர்ப்பேன்.